நினிவேக்குப் போக மறுத்தவர்: யோனா நூலில் இறைக்கட்டளையும் மனித விருப்பமும்

எபிரேய விவிலியத்தில் சிறு தீர்க்கதரிசிகள் பன்னிருவரின் நூல்கள் ஒரே தொகுப்பாக உள்ளன. அதில் ஐந்தாவது யோனா. 4 அதிகாரங்கள், 48 வசனங்கள். ஒரே அமர்வில் வாசித்து முடித்துவிடலாம். மற்ற நூல்கள் பெரும்பாலும் தீர்க்கதரிசிகள் உரைத்த வாக்குகளைத் தொகுத்துத் தருகின்றன. இதுவோ ஒரு தீர்க்கதரிசியின் கதையைச் சொல்கிறது. அவர் மக்களுக்கு அறிவிக்கும் செய்தி எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள். 40 நாளில் நினிவே அழியப்போகிறது என்பது அதன் சாரம். மற்றதெல்லாம் கட்டளையிட்ட கடவுளுக்கும் அதை ஏற்க மனமில்லாத மனிதருக்கும் நடக்கும் வழக்கு. கடவுளின் திட்டம் ஒன்றாகவும் தன் விருப்பம் வேறாகவும் இருக்கும்போது மனிதர் என்ன செய்வது என்ற கேள்வியை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்ட சமயநூல்கள் அரிது. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமயத்தாரும் யோனாவைத் தம்மவராகக் கொள்கின்றனர். தமிழ் முஸ்லிம்கள் யூனுஸ் நபி என்று போற்றுவது இவரைத்தான்.

பரவலாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது. கடவுள் போகச் சொன்னார், யோனா பயந்து ஓடினார், மீன் விழுங்கியது, மனம் திருந்திப் போய்ப் பிரசங்கித்தார், ஊர் பிழைத்தது. ஞாயிறு பள்ளிகளில் குழந்தைகள் கேட்கும் இந்த வடிவம் மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. நூல் எதற்காக எழுதப்பட்டதோ அது நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே யோனா திருந்தியவராக இல்லை, கோபத்தில் இருக்கிறார். அவர் ஓடியதற்குக் காரணம் பயம் அல்ல என்பதும் அங்கேதான் தெரியவருகிறது.

யார் இந்த யோனா

அமித்தாயின் மகன் யோனா என்ற பெயர் விவிலியத்தில் இன்னோரிடத்திலும் வருகிறது. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 14ஆம் அதிகாரம், வட இஸ்ரவேலை ஆண்ட இரண்டாம் எரொபெயாம் தன் நாட்டின் பழைய எல்லைகளை மீட்டதைச் சொல்கிறது. அது யோனா முன்னறிவித்தபடி நடந்தது என்றும், அவர் காத்தேப்பேர் என்ற ஊரைச் சேர்ந்தவர் என்றும் அங்கே குறிப்பு இருக்கிறது. காத்தேப்பேர் கலிலேயாவில், நாசரேத்துக்கு அருகே இருந்த சிற்றூர். எரொபெயாமின் ஆட்சி கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது.

இந்தச் சிறு குறிப்பு கவனத்துக்குரியது. யோனா முதலில் அறிவித்த வாக்கு அவருடைய நாட்டுக்கு நன்மை தருவது. அரசனும் மக்களும் விரும்பிக் கேட்டிருக்கக்கூடியது. அப்போது கடவுளின் திட்டமும் அவர் நாட்டுப்பற்றும் ஒரே திசையில் இருந்தன. கீழ்ப்படிவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது. இரண்டும் பிரியும் இடத்தில்தான் யோனா நூல் தொடங்குகிறது.

நூல் எழுதப்பட்ட காலம் வேறு. மொழிநடையையும் கருத்துகளையும் வைத்து, பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின், கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டில் இது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கி.மு. 180 அளவில் எழுதப்பட்ட சீராக்கின் நூல் பன்னிரு தீர்க்கதரிசிகளைக் குறிப்பிடுவதால் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. முதலில் இதை வாசித்தவர்கள் அசீரியா செய்த அனைத்தையும் அறிந்தவர்கள் என்பதற்காகவே இந்தக் காலக்கணக்கு முக்கியமாகிறது.

கிழக்கே கட்டளை, மேற்கே பயணம்

எழுந்து நினிவேக்குப் போய் அந்நகரின் கொடுமையை எதிர்த்துப் பேச வேண்டும் என்பது கட்டளை. நினிவே டைகிரிஸ் ஆற்றின் கீழ்க்கரையில், இன்றைய ஈராக்கின் மோசுல் நகருக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. இஸ்ரவேலிலிருந்து தரைவழியாக வடகிழக்கே நெடுந்தொலைவு செல்ல வேண்டும். யோனா எழுந்தார், ஆனால் யோப்பா துறைமுகத்துக்கு இறங்கிப்போய் தர்ஷீசுக்குச் செல்லும் கப்பலைத் தேடினார். தர்ஷீஸ் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தென் ஸ்பெயினில் இருந்த தார்தெசஸ் என்பது பலர் ஏற்கும் அடையாளம். எதுவானாலும் அன்றைய எபிரேயரின் உலகத்தில் அது மேற்கே கடலின் மறுகோடி. சொன்ன திசைக்கு நேர் எதிர்த்திசையில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போக முடிவு செய்தார்.

இந்த இடத்தில் நூலாசிரியர் ஒரு சிறு விவரத்தை விடாமல் சொல்கிறார்: யோனா கப்பல் கூலியைக் கொடுத்தார். இவ்வளவு சுருக்கமாக எழுதும் ஒருவர் இதற்கு இடம் ஒதுக்கியது தற்செயலாக இருக்க முடியாது. பதற்றத்தில் எடுத்த ஓட்டம் அல்ல இது. ஊரிலிருந்து துறைமுகம் வரை நடந்து, கப்பலை விசாரித்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, கீழ்த்தட்டில் இடம்பிடித்துப் படுத்துத் தூங்கும் அளவுக்கு நிதானமான மறுப்பு. தனக்கென ஒரு திட்டம் வைத்திருந்த மனிதர், அதற்காகத் தன் கைப்பணத்தைச் செலவிட்டார்.

விவிலியத்தில் கடவுளின் அழைப்பைத் தட்டிக்கழிக்க முயன்றவர்கள் வேறு பலர் உண்டு. எரியும் முட்செடியின் முன் நின்ற மோசே, நான் யார், என்ன பெயர் சொல்வேன், அவர்கள் நம்பமாட்டார்களே, எனக்குப் பேச்சு வராதே என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிட்டார். எரேமியா தன் இளவயதைக் காரணம் காட்டினார். இவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று வாதாடினார்கள். யோனா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருடைய மறுப்பின் காரணம் மூன்று அதிகாரங்கள் வரை வாசகருக்கும் மறைக்கப்படுகிறது.

ஏன் மறுத்தார்

லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், நினிவே அரண்மனையின் ஓர் அறைச் சுவர்களை மூடியிருந்த கற்பலகைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1840களில் ஆஸ்டன் ஹென்றி லேயர்ட் அகழ்ந்தெடுத்தவை. யூதா நாட்டின் லாகீஸ் நகரை அசீரிய மன்னன் சனகெரிப் கி.மு. 701இல் முற்றுகையிட்டுப் பிடித்ததைப் புடைப்புச் சிற்பங்களாகக் காட்டுகின்றன. மதிலை நோக்கி ஏறும் மண்சரிவுப் பாதை, அதன்மேல் தள்ளப்படும் மதில் இடிக்கும் பொறிகள், கழுவில் ஏற்றப்பட்ட கைதிகள், தரையில் கிடத்தித் தோலுரிக்கப்படும் இருவர். ஒரு பக்கம் மாட்டுவண்டியில் மூட்டைகளின்மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து நாடுகடத்தப்படுகிறார்கள். அரியணையில் அமர்ந்த அரசன் கொள்ளைப் பொருள்கள் தன் முன்னே செல்வதைப் பார்க்கிறான். எதிரிகள் எழுதிவைத்த அவதூறு அல்ல இது. அசீரியர் தம் பெருமையென்று கருதித் தம் அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தது.

அதற்கு முன்பே, கி.மு. 722இல், வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அசீரியாவிடம் வீழ்ந்தது. மக்கள் நாடுகடத்தப்பட்டார்கள், அந்த அரசு திரும்ப எழவில்லை. யோனாவின் சொந்த நாடு அது. எரொபெயாமின் காலத்தில் நினிவே அசீரியாவின் தலைநகராகவும் இல்லை. அதைத் தலைநகராக்கியவன் சனகெரிப். ஆனால் நூலை எழுதியவருக்கும் வாசித்தவர்களுக்கும் நினிவே என்ற பெயரே அந்தக் கொடுமை முழுவதையும் நினைவூட்டப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் தன் நாட்டையே துடைத்தெறியப்போகும் நகரத்துக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பை எடுத்துச் செல் என்று அந்த நாட்டின் தீர்க்கதரிசிக்கே கட்டளை வருகிறது. முதல் வாசகர்களின் மனம் யோனாவின் பக்கமே நின்றிருக்கும்.

பன்னிரு நூல்களின் அதே தொகுப்பில் நாகூமின் நூலும் இருக்கிறது. கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அழித்த நினிவேயின் வீழ்ச்சியே அதன் பொருள். அந்த அழிவில் அது மகிழ்கிறது. யோனா பேச விரும்பியிருக்கக்கூடிய சொற்கள் அவை. இரண்டையும் ஒரே தொகுப்பில் வைத்துக் காத்தவர்கள், கொடுமைக்கு ஆளானவர்களின் கோபத்தையும் அந்தக் கோபத்திடம் கடவுள் கேட்கும் கேள்வியையும் சேர்த்தே பாதுகாத்தார்கள்.

யோனாவின் மனநிலையை யூத ரபிகள் தீவிரமாக ஆராய்ந்தனர். யாத்திராகமத்துக்கான பழைய விளக்கநூலான மெகில்தா, தீர்க்கதரிசிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. எரேமியா தந்தையின் மானத்தையும் மகனின் மானத்தையும் ஒருங்கே காக்க நினைத்தவர். எலியா தந்தையின் மானத்தை மட்டும் பார்த்தவர். யோனா மகனின் மானத்தை மட்டும் பார்த்தவர். தந்தை கடவுள், மகன் இஸ்ரவேல். அந்நியர் சீக்கிரம் மனந்திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பினால், எத்தனை முறை சொல்லியும் கேளாத இஸ்ரவேலின் குற்றம் பெரிதாகத் தெரியும். ஆகவே தன் மக்களைக் காக்க யோனா ஓடினார் என்பது அந்த விளக்கம். சுயநலக்காரரின் படம் இல்லை இது. நல்ல நோக்கத்தோடு கடவுளுக்கு எதிராகப் போன மனிதரின் படம். உண்மையில் கடினமான மோதல்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே. தீய ஆசைக்கும் இறைக்கட்டளைக்கும் நடுவே எதைத் தேர்ந்துகொள்வது என்பதில் குழப்பம் ஏதும் இல்லை. தன் மக்கள்மீது வைத்த அன்பும் கட்டளையும் எதிரெதிரே நிற்கும்போதுதான் மனிதர் திணறுகிறார்.

இன்னொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு. ஒரு தீர்க்கதரிசி சொன்னது நடக்கவில்லை என்றால் அது கடவுள் தந்த வாக்கு அல்ல என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் அளவுகோல் வைக்கிறது. நினிவே மனந்திரும்பிப் பிழைத்தால், அழியும் என்று அறிவித்தவர் பொய்யராகி நிற்பார். தன் பெயர் கெடும் என்று தெரிந்தே அந்த ஐந்து சொற்களைச் சொல்ல வேண்டியிருந்தது.

கப்பலும் மீனும்

கப்பல் பகுதியில் நூலாசிரியர் எல்லாப் பாத்திரங்களையும் யோனாவுக்கு எதிரே நிறுத்துகிறார். காற்று கட்டளைப்படி எழுகிறது, கடல் கட்டளைப்படி அடங்குகிறது. பின்னர் மீனும் செடியும் புழுவும் வெயில்காற்றும் சொன்னதைச் செய்கின்றன. வேறு தெய்வங்களை வணங்கும் மாலுமிகள் தம் தெய்வங்களை அழைத்து வேண்டுகிறார்கள். சரக்கைக் கடலில் எறிந்து உயிரைக் காக்கப் பார்க்கிறார்கள். சீட்டு யோனாவின் பேரில் விழுந்து, என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவரே சொன்ன பிறகும் உடனே அதைச் செய்யவில்லை. கரை சேர்ந்துவிடலாம் என்று வலித்துப் பார்க்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவரின் உயிருக்காக அவர்கள் பட்ட பாட்டில் ஒரு பங்குகூட, ஒரு நகரத்து மக்களுக்காக யோனா படவில்லை.

யோனா கப்பலைத் திருப்பச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கரைக்குத் திரும்பினால் புயல் நிற்கும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதைவிடச் சாவதே மேல் என்று தீர்மானித்தார். மாலுமிகளைக் காப்பாற்றும் பெருந்தன்மை அதில் உண்டு. நினிவேக்குப் போகக் கூடாது என்ற பிடிவாதமும் அதே அளவுக்கு உண்டு. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்ததை நூல் மறைக்காமல் காட்டுகிறது.

மீனின் வயிற்றில் மூன்று பகலும் மூன்று இரவும் இருந்தார். இரண்டாம் அதிகாரம் அங்கிருந்து அவர் செய்த ஜெபம். சங்கீத நடையில் அமைந்த அழகிய பாட்டு. ஆழ்கடல், கடற்பாசி, பாதாளம், மீட்பு எல்லாம் வருகின்றன. வராதவை இரண்டு: ஓடியதற்கு மன்னிப்பு இல்லை; நினிவே என்ற சொல் இல்லை. தன் உயிரைக் காத்ததற்கு நன்றி சொல்கிறார், நேர்ந்துகொண்டதைச் செலுத்துவேன் என்கிறார். கருத்து மாறியதற்கான அடையாளம் எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. மீன் அவரைத் திருத்தியது என்று சொல்லும் பிரசங்கங்கள் இந்த மௌனத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

அரைமனக் கீழ்ப்படிதல்

மூன்றாம் அதிகாரம் அதே கட்டளையோடு மறுபடி தொடங்குகிறது. ஓடிப்போனதைப் பற்றி ஒரு கண்டனமும் இல்லை. இம்முறை யோனா போகிறார். நினிவேயைக் கடக்க மூன்று நாள் நடக்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. அகழ்வாய்வில் வெளிப்பட்ட மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அக்காலத்துக்கு மாபெரும் நகரம்தான் என்றாலும் மூன்று நாள் என்பது கதைக்குரிய பெருக்கம். யோனா அதில் ஒரு நாள் தூரம் நடந்து, தம் ஐந்து சொற்களை அறிவிக்கிறார். மனந்திரும்பினால் பிழைப்பீர்கள் என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கடவுளின் பேரால் சொல்கிறார் என்பதும் அந்தச் சொற்களில் இல்லை. செய்ய வேண்டியதற்கு மேல் ஒரு துளியும் செய்யாதவரின் பிரசங்கம் அது.

ஆனால் ஊர் அதைக் கேட்டது. அரசன் அரியணையைவிட்டு இறங்கி, இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். மனிதர் மட்டுமல்ல, ஆடுமாடுகளும் தீனியின்றி, தண்ணீரின்றி, இரட்டு போர்த்தப்பட்டு நோன்பிருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள கொடுமையைவிட்டுத் திரும்ப வேண்டும் என்றும் அரசன் சொன்னான். கடவுள் தாம் செய்வதாகச் சொன்ன தீங்கைச் செய்யவில்லை.

யோனா நூலின் ஆகத் துணிவான கருத்து இங்கே இருக்கிறது. கீழ்ப்படிபவரின் மனம் இன்னும் பழுக்கவில்லை. ஆனாலும் அவருடைய கால்கள் நடந்த நடையால் ஒரு நகரம் பிழைத்தது. தூதரின் மனநிலை சீராகும்வரை நினிவேயின் உயிர் காத்திருக்க வேண்டும் என்று கடவுள் வைக்கவில்லை. முழு மனத்தோடு செய்யாத கீழ்ப்படிதல் கீழ்ப்படிதலே அல்ல என்று கற்பிப்பவர்கள் சமய மரபுகள் அனைத்திலும் உண்டு. இந்த நூல் அவர்களோடு உடன்படவில்லை. மனம் ஒப்பாமல் செய்த காரியத்துக்கும் பிறர் வாழ்வில் முழுப் பலன் கிடைக்கிறது. அதே சமயம், காரியம் முடிந்துவிட்டது என்று கடவுள் யோனாவைக் கைகழுவவும் இல்லை. நினிவேக்கு ஓர் அதிகாரம் போதுமானதாக இருந்தது; யோனாவுக்கு இன்னும் ஓர் அதிகாரம் தேவைப்பட்டது.

ஆமணக்கு

ஊர் பிழைத்தது யோனாவுக்குக் கடுங்கோபத்தை உண்டாக்கியது. அப்போதுதான் ஓடிய காரணத்தைச் சொல்கிறார். நீர் இரக்கமுள்ளவர், எளிதில் கோபம் கொள்ளாதவர், சொன்ன தீங்கையும் செய்யாமல் விட்டுவிடுபவர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறார். கடவுளைப் பற்றிய இந்த வருணனை, பொற்கன்றுக்குட்டிப் பாவத்துக்குப் பிறகு சீனாய் மலையில் மோசேக்கு அறிவிக்கப்பட்டதன் எதிரொலி. இஸ்ரவேல் அன்று அழியாமல் தப்பியது அந்த இரக்கத்தால்தான். தன் மக்களை வாழவைத்த அதே குணம் எதிரிக்கும் கிடைப்பதை யோனாவால் தாங்க முடியவில்லை. கடவுளைத் தவறாகப் புரிந்துகொண்டதால் அவர் மறுக்கவில்லை, சரியாகப் புரிந்துகொண்டதால் மறுத்தார். இனி உயிரோடு இருப்பதைவிடச் சாவது நல்லது என்றும் சொல்கிறார்.

கடவுள் கண்டிக்கவில்லை. நீ இப்படிக் கோபப்படுவது சரியா என்று மட்டும் கேட்கிறார். யோனா பதில் சொல்லாமல் நகருக்குக் கிழக்கே போய் ஒரு குடிசை போட்டு, ஊருக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்காருகிறார். அங்கே ஒரு செடி அவர் தலைக்கு மேல் வளர்ந்து நிழல் தருகிறது. தமிழ் விவிலியம் அதை ஆமணக்கு என்கிறது. எந்தச் செடி என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. ஆமணக்கு விரைவாக உயர்வதும், அகன்ற இலைகளால் நிழல் தருவதும், தண்டில் பூச்சி விழுந்தால் தொங்கிப்போவதும் புன்செய்க்காட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். நூல் முழுவதிலும் யோனா மகிழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரே இடம் இந்தச் செடியின் நிழல். மறுநாள் விடியலில் ஒரு புழு அதை அரிக்கிறது, செடி வாடுகிறது, வெயிலும் அனல்வீசும் கீழ்க்காற்றும் அவர் தலையில் அடிக்கின்றன. மறுபடியும் சாவைக் கேட்கிறார். செடிக்காக நீ கோபப்படுவது சரியா என்று கடவுள் கேட்கும்போது, சாகும் அளவுக்குக் கோபப்படுவது சரிதான் என்று பதில் சொல்கிறார்.

கடவுளின் கடைசிப் பேச்சு இதிலிருந்து எழுகிறது. நீ நடவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஒரே இரவில் தோன்றி அடுத்த இரவில் அழிந்த செடிக்காக இவ்வளவு வருந்துகிறாய். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு தெரியாத 1,20,000 பேருக்கும் மேற்பட்ட மனிதர் இருக்கிற நகரத்துக்காக, அங்கே உள்ள திரளான மிருகங்களுக்காக, நான் இரங்கக் கூடாதா? இந்தக் கேள்வியோடு நூல் முடிந்துவிடுகிறது. யோனா என்ன சொன்னார், ஊருக்குத் திரும்பினாரா என்பது சொல்லப்படவில்லை.

இந்த உரையாடலில் கட்டளை ஒன்றுகூட இல்லை. போ என்று ஆணையிட்டவர், ஏற்றுக்கொள் என்று ஆணையிடவில்லை. செயலைக் கட்டளையால் பெறலாம். இரக்கத்தை அப்படிப் பெற முடியாது என்பதை அறிந்தவராகவே இந்நூலின் கடவுள் பேசுகிறார். யோனாவின் சொந்த இழப்பிலிருந்தே, அவருக்குப் பழக்கமான வருத்தத்திலிருந்தே, எதிரியின் குழந்தைகள்வரை அவரை நடத்திக்கொண்டு போகிறார்.

வாதாடலாம், ஓடக் கூடாது

கடவுளோடு வாதாடுவது எபிரேய மரபில் குற்றமாகக் கருதப்படவில்லை. சோதோமுக்காக ஆபிரகாம் 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை பேரம் பேசினார். பொற்கன்றுக்குட்டி விவகாரத்தில் மோசே கடவுளைத் தடுத்து நின்றார். எரேமியாவின் புலம்பல்கள் கசப்பானவை. இவர்களுக்கும் யோனாவுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு. முதலாவது, அவர்கள் கடவுளின் முன்னிலையைவிட்டு அகலாமல் பேசினார்கள். இரண்டாவது, இன்னும் கனமானது: ஆபிரகாமும் மோசேயும் தண்டனை வேண்டாம் என்று வாதாடினார்கள், யோனா மன்னிப்பு வேண்டாம் என்று வாதாடினார். அப்படியிருந்தும் ஓடிப்போன மௌனத்தைவிட, நான்காம் அதிகாரத்தின் கோபப் பேச்சு கடவுளுக்கு நெருக்கமானது. அங்கே குறைந்தது உரையாடல் நடக்கிறது.

திட்டங்கள் மாற்றப்படும் வேறு நிகழ்வுகளும் விவிலியத்தில் உண்டு. தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். மகன்தான் கட்டுவான் என்று தடை வந்தது. அவர் மரமும் பொன்னும் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கினார். பவுல் ஆசியாவிலும் பித்தினியாவிலும் பிரசங்கிக்க எண்ணியபோது தடுக்கப்பட்டு மக்கெதோனியாவுக்குப் போனார். கெத்செமனேயில் இயேசு, துன்பம் நீங்க வேண்டும் என்று தம் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லி, அதன் பிறகே தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். விருப்பத்தை மறைப்பது பக்தியின் அடையாளம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிறிஸ்தவ மரபில் இல்லை.

ஆபத்தான ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இது கடவுளின் திட்டம் என்று சொல்பவர் மனிதர். அதை எப்படி நம்புவது? தம் விருப்பத்தைக் கடவுளின் சித்தம் என்று பிறர்மேல் சுமத்தியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். எரேமியா நூல் 28ஆம் அதிகாரத்தில், பாபிலோனின் நுகம் இரண்டே ஆண்டில் முறியும் என்று அனனியா எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தான். கேட்டவர்கள் விரும்பிய செய்தி அது, பொய்யாயிற்று. விருப்பத்துக்கு இசைவாக இருப்பதால் மட்டும் ஒரு வாக்கு கடவுளுடையது ஆகிவிடாது. கசப்பாக இருப்பதால் மட்டும் அவருடையது ஆகிவிடுவதும் இல்லை. யோனா பெற்ற கட்டளையின் தன்மையை இங்கே பார்க்க வேண்டும். அது எவரையும் அடிக்கவோ ஒடுக்கவோ சொல்லவில்லை. அதனால் பிழைத்தவர்கள் பிறர். இழப்பு முழுவதும் தூதரின் பெருமைக்கும் வெறுப்புக்கும்தான். கடவுளின் பெயரால் வரும் ஒரு கோரிக்கை யாருக்கு நன்மை தருகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்கும் உரிமையை யோனா நூல் வாசகருக்குத் தருகிறது. சொல்பவருக்கே ஆதாயமாகவும் கேட்பவருக்கே இழப்பாகவும் முடியும் சித்தங்களைச் சந்தேகிப்பது அவிசுவாசம் ஆகாது.

யூனுஸ் நபி

குர்ஆனின் 10ஆம் அத்தியாயம் யூனுஸ் என்றே பெயர் பெற்றது. தண்டனை வருமுன் நம்பிக்கை கொண்டு தப்பிய ஊராக யூனுஸின் சமுதாயத்தை அது தனித்துக் காட்டுகிறது. 37ஆம் அத்தியாயத்தில் கப்பலும் சீட்டும் மீனும் வருகின்றன. கரையில் ஒதுக்கப்பட்ட நபிக்கு நிழலாகக் கொடி முளைப்பதும், ஒரு லட்சம் பேருக்கோ அதற்கும் அதிகமானோருக்கோ அவர் தூதராக அனுப்பப்படுவதும் சொல்லப்படுகின்றன. விளக்கவுரையாளர்கள் பலரின் கருத்தில், தம் மக்கள் செவிசாய்க்கவில்லை என்று மனம் வெறுத்து, இறைவனின் அனுமதி வரும்முன் அவர்களைவிட்டு விலகியதே யூனுஸ் செய்த பிழை. ஆகவே இங்கே அழுத்தம் பொறுமையின்மீது விழுகிறது. 68ஆம் அத்தியாயம் நபிகள் நாயகத்திடம், இறைவனின் தீர்ப்புக்காகப் பொறுத்திருக்கும்படியும் மீனுடையவரைப் போல ஆகிவிட வேண்டாம் என்றும் கூறுகிறது. விவிலியத்தின் ஜெபத்தில் இல்லாத ஒப்புதல் குர்ஆனில் இருக்கிறது: இருளுக்குள்ளிருந்து யூனுஸ் தாம் தவறிழைத்ததை ஒப்புக்கொண்டு இறைவனைத் துதிக்கிறார். அந்தத் துதியைத் துன்பக் காலத்தில் ஓதுவது முஸ்லிம்களிடையே பரவலான வழக்கம்.

நபிகள் நாயகம் தாயிஃப் நகரில் கல்லெறிபட்டு, காலில் இரத்தம் வழிய வெளியேறிய நிகழ்வு யோனாவின் கதையோடு சேர்த்து வாசிக்கத்தக்கது. ஒரு தோட்டத்தில் அவருக்குத் திராட்சை கொண்டுவந்து கொடுத்த அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமை, தன் ஊர் நினிவே என்றார். யூனுஸின் ஊரா என்று கேட்ட நபி, அவர் என் சகோதரர் என்று கூறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தம்மை விரட்டியவர்களை மலைகளால் நசுக்கிவிடலாமா என்று வானவர் கேட்டபோது, இவர்களின் சந்ததியிலாவது இறைவனை வணங்குவோர் தோன்றட்டும் என்று நபி மறுத்ததை ஹதீஸ் பதிவு செய்கிறது. கிழக்கே உட்கார்ந்து ஊர் அழிவதைப் பார்க்கக் காத்திருந்தவரிடம் கடவுள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு எங்கும் கிடைப்பது கடினம்.

நோன்பும் வாசிப்பும்

நினிவே மக்களின் மனந்திரும்புதலைச் சிரியத் திருச்சபைகள் ஆண்டுதோறும் மூன்று நாள் நோன்பால் நினைவுகூர்கின்றன. பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்பு அது வரும். கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் அதை மூன்று நோன்பு என்கிறார்கள். கோட்டயம் மாவட்டத்துக் குறவிலங்காடு மரியன்னை ஆலயத்தில் அந்த நோன்பின்போது மரக்கப்பல் ஒன்றைத் தோளில் சுமந்து, புயலில் ஆடுவதுபோல அசைத்து ஊர்வலம் எடுப்பது பெயர்பெற்ற வழக்கம். நினைவுகூரப்படுபவர்கள் யோனா வெறுத்த நகரத்தார் என்பது இந்த நோன்பின் சிறப்பு; நல்ல முன்மாதிரியாக அவர்களே எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள்.

மோசுலில் யூனுஸ் நபியின் அடக்கத்தலம் என்று நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட நபி யூனுஸ் பள்ளிவாசல், பழைய நினிவேயின் இரண்டு மேடுகளில் ஒன்றின்மேல் இருந்தது. 2014 ஜூலையில் ஐ.எஸ். இயக்கத்தினர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். 2017இல் அப்பகுதி மீட்கப்பட்ட பின், மேட்டுக்கு அடியில் அவர்கள் தோண்டியிருந்த சுரங்கங்களில் அசீரிய அரண்மனையின் சிற்பங்களும், சனகெரிபின் மகன் எசரத்தோன் காலத்துக் கல்வெட்டும் வெளிப்பட்டன. எதிரி நகரத்துக்குப் போக மறுத்தவருக்கு அந்த நகரத்து மக்களே நினைவிடம் எழுப்பிக் காத்துவந்தார்கள்.

யூதர்கள் யோனா நூல் முழுவதையும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளின் பிற்பகல் வழிபாட்டில் வாசிக்கிறார்கள். தால்மூத் காலத்திலேயே இருந்த முறை இது. முந்திய மாலையிலிருந்து உண்ணாமல், நீர் அருந்தாமல் நோன்பிருக்கும் சபை, தன் மன்னிப்பை வேண்டும் நாளின் கடைசிப் பகுதியில், எதிரிக்குக் கிடைத்த மன்னிப்பைப் பொறுக்காதவரின் கதையைக் கேட்கிறது. பதிலற்ற அந்தக் கேள்வியோடு வாசிப்பு நிறுத்தப்படுவதில்லை. மீகா நூலின் இறுதி மூன்று வசனங்கள் உடனே சேர்த்து வாசிக்கப்படுகின்றன. அக்கிரமத்தைப் பொறுத்து, கோபத்தை என்றென்றும் வைத்துக்கொள்ளாமல் இரங்கும் கடவுளைப் போற்றும் வசனங்கள் அவை. யோனா குறையாகச் சொன்னதையே சபை துதியாகச் சொல்கிறது.